மும்பை வழியாக வந்த கொட்டாவி

என் மகள் கொட்டாவி விட்டால், அதை அவளுடைய அப்பா வழித் தாத்தா பார்ப்பதற்குள் அந்தக் கொட்டாவி மும்பைக்குப் போய்த் திரும்ப வேண்டியிருந்தது. தாத்தா இருப்பது எதிர் வரிசையில். நடுவில் இருப்பது ஒரே ஒரு ரோடு. செகந்திராபாத் திருமுல்கேரியில் ராணுவ லாரி ஒன்றும் ஆட்டோ ஒன்றும் எதிரெதிரே வந்தால், ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வாயாரத் திட்டுகிற அளவுக்குத்தான் அதன் அகலம். எங்கள் மொட்டை மாடியில் நின்று பார்த்தால் என் மாமனாரின் லுங்கி கொடியில் காய்வது தெரியும், அதன் கட்டம் பச்சையா நீலமா என்பதுகூடத் தெரியும். இருந்தாலும் கொட்டாவி மும்பை போய்த்தான் வந்தது.

இதற்குக் காரணம் தொழில்நுட்பம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் இன்ஜினியர். எந்த டேட்டா எந்த வழியாகப் போக வேண்டும் என்று வழி சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். பிரசவ விடுப்பில் அம்மா வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் சொந்தக் குழந்தையின் படத்துக்கு ஒரு வழி சொல்ல முடியாமல் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். காரணம் கௌரவம். அதிலும் சம்பந்தி கௌரவம். எந்த ரவுட்டரிலும் அதற்கு செட்டிங் கிடையாது.

என் அப்பா சந்திரசேகரன் ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேபிள் நடத்துகிறார். என் மாமனார் ஜெயச்சந்திரன் அந்தப் பக்கம் நடத்துகிறார். இரண்டு பேருடைய அப்பாக்களும் ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்காகச் செகந்திராபாத் வந்தவர்கள், ஒருவர் அரக்கோணத்திலிருந்து, ஒருவர் திருச்சி பொன்மலையிலிருந்து. பிள்ளைகள் ரயிலை விட்டுவிட்டு டிஷ் ஆன்டெனாவைப் பிடித்தார்கள். முதலில் டிவி, பிறகு அதே வயரில் இன்டர்நெட். டிவி காலத்தில் இருவரும் ஜென்மப் பகையாளிகள். இவர் வயரை அவர் ஆள் வெட்டுவார், அவர் வயரை இவர் ஆள் வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமை சினிமாவில் வில்லன் அடிவாங்கப் போகும் நேரம் பார்த்து வெட்டினால்தான் அது முறையான வெட்டு.

நானும் ஜெயச்சந்திரனின் மகன் மாதவும் கல்யாணம் செய்துகொள்கிறோம் என்றபோது இரண்டு வீட்டிலும் யாரும் எதிர்க்கவில்லை. எல்லை எங்கே என்றுதான் கேட்டார்கள். நிச்சயதார்த்தத் தட்டு மாற்றிய கையோடு ஒப்பந்தமும் ஆயிற்று. ரோடுதான் எல்லை. இந்தப் பக்கத்து வயர் அந்தப் பக்கம் போகாது, அந்தப் பக்கத்து வயர் இந்தப் பக்கம் வராது. வெற்றிலை பாக்கு சாட்சியாகச் சொன்ன வார்த்தை. அன்றிலிருந்து அந்த ரோட்டுக்கு மேலே காக்கையைத் தவிர எதுவும் குறுக்கே போனதில்லை.

ஒரே கேபிளில் இருக்கும் இரண்டு வீடுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் வேலை சுலபம். ஒரு வீட்டிலிருந்து கிளம்பும் படம், எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே அப்பா வைத்திருக்கும் கன்ட்ரோல் ரூமுக்கு வரும். அங்கிருக்கும் ரவுட்டர், அட இது நம்ம தெருதானே என்று அப்படியே அடுத்த வீட்டுக்குத் திருப்பிவிடும். இதை அப்பாவுக்கு அமைத்துக் கொடுத்தவளே நான்தான். கல்யாணத்துக்குப் பிறகு மாமனாருக்கும் அதையே அமைத்துக் கொடுத்தேன், சீர் வரிசையில் சேர்த்தி. ஆனால் ஒரு வீடு அப்பாவின் கேபிளிலும் இன்னொரு வீடு மாமாவின் கேபிளிலும் இருந்தால் கதை வேறு. அப்பா இன்டர்நெட் வாங்குவது ஒரு பெரிய கம்பெனியிடம். மாமா வாங்குவது அதன் போட்டிக் கம்பெனியிடம். அந்த இரண்டும் சந்திப்பது மும்பையில். சாயங்காலமானால் காலனி முழுவதும் சீரியலும் கிரிக்கெட்டும் பார்க்க உட்கார்ந்துவிடும். வெளியே போகும் வழி, ஆபீஸ் விட்ட நேரத்துக் கச்சிபௌலி ரோடு மாதிரி அடைத்துக்கொள்ளும். என் மகளின் படம் அந்த நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்கும்.

இரண்டு கன்ட்ரோல் ரூமுக்கும் நடுவே, ரோட்டைத் தாண்டி ஒரு வயர் இழுத்தால் போதும். சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற நேரத்தில் நான் மீதியைச் செய்துவிடுவேன். ஆனால் யாராவது ஒருவர் போய்க் கேட்க வேண்டுமே.

"நான் இன்னாத்துக்கும்மா கேக்கணும்?" என்றார் அப்பா. "பொண்ணு வீட்டுக்காரன்னு கல்யாணத்துல குனிஞ்சேன், வளைகாப்புல குனிஞ்சேன். வயருக்கும் குனியணுமா? அவரு கேக்கட்டும்."

அவரிடம் போனில் கேட்டேன். "நல்லா இருக்கே கதை! மாப்பிள்ளை வீட்டுக்காரன் போய்க் கையேந்தறதா? நக்கோம்மா நக்கோ, வேணவே வேணாம். சம்பந்தி கேட்டா இந்த நிமிஷமே இழுத்துடறேன். அவர் கேக்கட்டும்" என்றார் மாமா.

மாதவ் கச்சிபௌலியில் வேலை பார்க்கிறான். அவனைத் தூது போகச் சொன்னேன். அவன் டாக்சி எதுவும் கிடைக்கவில்லை என்றான். தூது போக வேண்டிய தூரம் ஒரு ரோடு என்று நினைவுபடுத்தினேன். அப்போது அவனுக்கு மீட்டிங் வந்துவிட்டது.

மாமா நேரில் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். குழந்தை பிறந்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு முறை பார்த்தார். அதற்குப் பிறகு, மருமகள் பிரசவத்துக்குப் போயிருக்கும் வீட்டு வாசலில் அழைப்பு இல்லாமல் போய் நிற்பது முறையில்லையாம். மூன்று மாதம் முடிந்து பேர் வைக்கும் நாளுக்குத் தட்டோடு அழைத்தால் அன்றைக்குத்தான் வருவாராம். என் மாமியார் வேதவல்லி அத்தைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நினைத்தபோது ரோட்டைத் தாண்டி வருவார், குழந்தையைக் குளிப்பாட்டுவார், அம்மாவோடு ஊர்க்கதை பேசுவார், போகும்போது கருவேப்பிலை பறித்துக்கொண்டு போவார். அவர் பெயரில் நெட்வொர்க் கிடையாது.

சரி, மொபைலில் வீடியோ பார்க்கட்டும் என்றால் அதற்கும் மறுப்பு. கேபிள் நடத்துகிறவன் வீட்டில் செல்போன் கம்பெனியின் டேட்டாவா? படம் எடுத்து அனுப்பட்டுமா? "ரெக்கார்டிங் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறவன் கேபிள்காரனாம்மா? லைவ் குடு" என்றார். தொட்டிலுக்கு மேலே ஒரு கேமரா மாட்டி, அவருடைய ஹால் டிவிக்கு நேராகப் போகும்படி வைத்தேன். கேட்டால் குழந்தையைப் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். லைன் டெஸ்டிங் என்பார். சாயங்காலக் காபியைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் டெஸ்டிங் நடந்தது.

ஒரு நாள் பதறிக்கொண்டு போன் செய்தார். "சௌம்யா, பாப்பா வாயத் தொறந்தது தொறந்தபடியே இருக்கு! மூடவே மாட்டேங்குது. டாக்டருக்குப் போன் போடட்டுமா?"

"மாமா, அவ கொட்டாவி விட்டு முடிச்சு, பால் குடிச்சு, தூங்கியே போயிட்டா."

"இங்க இன்னும் வாயத் தொறந்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றார்.

சிரித்தேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கடுத்த வாரம் சிரிக்க முடியவில்லை. என் மகள் சத்தம் போட்டுச் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். ஒரு முகத்தைக் கொஞ்ச நேரம் அசையாமல் உற்றுப் பார்ப்பாள், பிறகு திடீரென்று பொங்கிச் சிரிப்பாள். அப்பா பார்த்தார், அம்மா பார்த்தாள், அத்தை பார்த்தார், பால் பாக்கெட் போட வந்தவர்கூடப் பார்த்துவிட்டார். மாமாவின் டிவியில் மட்டும் அவள் உற்றுப் பார்க்கிற இடத்தில் படம் நிற்கும். மறுபடி ஓடும்போது அவள் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டிருப்பாள். "எல்லாரும் பாத்துட்டீங்க" என்று அவர் போனில் சொன்னார். அந்த மனிதரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து தொட்டிலுக்கு முன்னால் நிறுத்த வேண்டும் போலிருந்தது. கூடவே தலையில் ஒரு குட்டு வைக்கவும் வேண்டும் போலிருந்தது.

அதற்கு மறுநாள்தான் வினை வந்தது. படம் நின்ற கோபத்தில் மாமா போன் செய்தார். எனக்கு இல்லை, அப்பாவுக்கும் இல்லை. அப்பாவின் கேபிள் ஆபீஸ் கம்ப்ளெய்ன்ட் நம்பருக்குச் செய்தார். அந்த நம்பர் அடிப்பதும் அப்பாவின் சட்டைப் பையில்தான் என்பது அவருக்கும் தெரியும்.

"நமஸ்தே, செப்பண்டி" என்று அப்பா தன் தெலுங்குக் கஸ்டமர் கேர் குரலில் ஆரம்பித்தார்.

"உங்க நெட்வொர்க்லேர்ந்து வர்ற படம் நின்னு நின்னு வருது. கம்ப்ளெய்ன்ட் எழுதிக்குங்க."

அப்பாவுக்குக் குரல் புரிந்துவிட்டது. ஸ்பீக்கரைப் போட்டார். எனக்கும் அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று. "நம்ம சைடுல ஒரு கோளாறும் இல்ல சார். நீங்க எந்த நெட்வொர்க்ல பாக்கறீங்களோ அங்க கேளுங்க."

"என் நெட்வொர்க் கண்ணாடி மாதிரி இருக்குய்யா."

"அப்போ ஒண்ணு சொல்லுங்க. நீங்க எங்க கஸ்டமரா சார்? நாங்க கஸ்டமருக்குத்தான் கம்ப்ளெய்ன்ட் எடுப்போம்."

அந்தப் பக்கம் லைன் கட்டானது. அப்பா வெற்றி பெற்றவர் போல எங்களைப் பார்த்தார். அம்மா கரண்டியோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அம்மாவின் பெயர் வசந்தி, கோபம் வந்தால் கத்த மாட்டாள், அதுதான் பயம்.

"பேத்தியப் பாக்கணும்னு கேட்ட மனுஷன்கிட்ட கஸ்டமரான்னு கேட்டியே, நீ நல்லா இருப்பே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தை மறுநாள் ரிப்பன் பக்கோடாவும் சேதியும் கொண்டு வந்தார். மாமா பேர் வைக்கும் விழாவுக்கு வர மாட்டாராம். "நான் தாத்தாவும் இல்ல, கஸ்டமரும் இல்ல. எனக்கு அங்க என்ன வேலைங்கறாரு" என்றார் அத்தை. எங்கள் இரண்டு குடும்பத்திலும் மாப்பிள்ளையின் அப்பாதான் குழந்தையின் காதில் பேரைச் சொல்ல வேண்டும். பேரைத் தேர்ந்தெடுத்து அவர் மனசுக்குள் வைத்திருந்தார், அத்தையிடம்கூடச் சொல்லவில்லை. அவர் வராவிட்டால் தொட்டில் இருக்கும், பாயசம் இருக்கும், குழந்தைக்குப் பேர் இருக்காது. அம்மா அழைப்புக்காக வாங்கி வைத்திருந்த வெற்றிலை ஈரத் துணிக்குள் வாடிக்கொண்டிருந்தது. அப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேருடைய கன்ட்ரோல் ரூமையும் பூட்டிச் சாவியை அல்வால் ஏரியில் வீசியிருப்பேன்.

விழா ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மதியம் துணி காயப் போட மாடிக்குப் போனேன். கொடியில் முதல் துணியைப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், ரோட்டுக்கு மேலே ஒரு வயர்.

ஒன்று இல்லை, இரண்டு. பக்கத்துப் பக்கத்தில், பளபளவென்று புதுசாக, இந்தப் பக்கத்துக் கம்பத்திலிருந்து அந்தப் பக்கத்துக் கம்பத்துக்கு. வெற்றிலை பாக்கு மேல் செய்த ஒப்பந்தம் இரட்டையாக உடைந்து காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வயர் எங்கள் மாடிச் சுவர் வழியாக இறங்கி, குழந்தை இருக்கும் அறை ஜன்னலுக்குள் போனது. இன்னொன்று எங்கள் கன்ட்ரோல் ரூமிலிருந்து கிளம்பி, அந்தப் பக்கம் மாமாவின் ஹால் ஜன்னலுக்குள் போனது.

கீழே ஓடினேன். அறையில் கேமராவின் வயரைப் பிடித்துக்கொண்டே போனால், பீரோவுக்குப் பின்னால் ஒரு பெட்டி. மாமாவின் கம்பெனிப் பெட்டி. அதன் மேலே என் பழைய பாவாடையைப் போட்டு மறைத்து வைத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மாமா போன் செய்தார். "என்னம்மா இது, இப்பவும் நிக்குது! நான் எல்லாம் பண்ணியாச்சு, இன்னும் நிக்குது."

"என்ன பண்ணீங்க மாமா?"

"ஒண்ணும் பண்ணல. சும்மா சொன்னேன்" என்று வைத்துவிட்டார்.

லேப்டாப்பைத் திறந்து, படம் எந்தெந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது என்று பார்த்தேன். கேமராவிலிருந்து கிளம்புகிறது, மாமாவின் கன்ட்ரோல் ரூம். அங்கிருந்து மும்பை. மும்பையிலிருந்து திரும்பி அப்பாவின் கன்ட்ரோல் ரூம். அங்கிருந்து மாமாவின் ஹால். முன்பு போன அதே தூரம், அதே நெரிசல், தலைகீழாக. இரண்டாவது முறையும் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

அப்பாவின் லைன்மேன் கோபியையும் மாமாவின் லைன்மேன் அய்யாக்கண்ணுவையும் தெருமுனை இரானி டீக்கடையில் பிடித்தேன். முதலாளிகள் எதிரிகளாக இருந்த காலத்திலிருந்தே இவர்கள் ஒரே மேஜையில் சாய் குடிப்பவர்கள். என்னைப் பார்த்ததும் இருவரும் உஸ்மானியா பிஸ்கட்டைச் சாயில் முக்கியபடியே உறைந்துபோனார்கள். பிஸ்கட் இரண்டும் உடைந்து உள்ளே விழுந்தது.

"வயர் யார் இழுக்கச் சொன்னது?" என்றேன்.

"உங்க அப்பாதான் மேடம்" என்றார் அய்யாக்கண்ணு. அவர் மாமாவின் ஆள். "கூப்பிட்டு, உங்க முதலாளிக்குத் தெரியாம எனக்கு ஒரு கனெக்‌ஷன் போட்டுக் குடுன்னாரு. கேமராவ அதுல மாட்டிட்டா படம் அந்த நெட்வொர்க்குக்குள்ளயே ஓடுமாம், சம்பந்தி நல்லாப் பாப்பாராம். என் பேரு வெளிய வரக் கூடாதுன்னாரு."

"அப்போ இன்னொண்ணு?"

கோபி தொண்டையைச் செருமினார். "அது உங்க மாமனார் மேடம். என்னைக் கூப்பிட்டு, உங்க முதலாளி சேகருக்குத் தெரியாம ஒரு கனெக்‌ஷன் குடு, அவர் நெட்வொர்க்குலயே நான் பாத்துக்கறேன்னாரு. இனிமே கஸ்டமரான்னு எவனும் கேக்க முடியாதுன்னாரு."

"ரெண்டு பேரும் ஒரே நாள்லயா?"

"ஹவ் மேடம், ஆமா. ஏணி ஒண்ணுதான் இருந்துச்சு. சேந்தே போட்டுட்டோம்."

"ரெண்டையும் போட்டா பழையபடி மும்பைதான் போகும்னு உங்களுக்குத் தெரியாதா? ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"கைக்கு மேடம், எதுக்குச் சொல்லணும்?" என்று கோபி உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "ரெண்டு பேரும் யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னாங்களே."

நான் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது, பிரசவத்தில் தையல் போட்ட இடம் வலிக்கிற அளவுக்குச் சிரித்தேன். பிறகு கண்ணீர் வந்தது. வயருக்காகக் குனிய மாட்டேன் என்ற என் அப்பா, மாமாவின் வாடிக்கையாளராகியிருந்தார். கையேந்த மாட்டேன் என்ற மாமா, அப்பாவின் வாடிக்கையாளராகியிருந்தார். இருவரும் கௌரவத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள், அடுத்தவருக்குத் தெரியாமல். கோபியும் அய்யாக்கண்ணுவும் எனக்கு ஒரு சாய் சொன்னார்கள்.

வீட்டுக்குப் போய்ப் படத்தைச் சரிசெய்ய எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். கேமராவை அப்பாவின் லைனுக்கே திருப்பி மாற்றினால் முடிந்தது. மாமா டிவியில் தெளிவாகப் பார்ப்பார். ஆனால் டிவியில்தான் பார்ப்பார். காதில் பேரைச் சொல்ல டிவியிலிருந்து எட்ட முடியாது. அப்போது எனக்கு இருவருக்கும் பொதுவான ஒரு வீம்பு நினைவுக்கு வந்தது. பெரிய கம்பெனிகள் தெருவுக்குத் தெரு வந்த பிறகும் இவர்கள் பிழைத்திருப்பதே அதனால்தான். கம்ப்ளெய்ன்ட் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். ஆள் இல்லையென்றால் முதலாளியே போக வேண்டும். மழையோ, ஜுரமோ, கஸ்டமர் எவ்வளவு திட்டினவனோ, பரவாயில்லை. கஸ்டமர் வீட்டுக்குப் போவதில் கௌரவப் பிரச்சினை என்று இருவரும் ஒருநாளும் சொன்னதில்லை.

கோபி, அய்யாக்கண்ணு இருவரையும் பிரியாணி சாப்பிடப் போகச் சொன்னேன், போனை ஆஃப் செய்துவிட்டு. ஏன் என்று கேட்கவே இல்லை, பிரியாணி என்றதும் எழுந்துவிட்டார்கள்.

முதலில் மாமாவின் கம்ப்ளெய்ன்ட் நம்பருக்குப் போட்டேன்.

"வணக்கம் சார். உங்க கஸ்டமர் வீட்டுலேர்ந்து பேசறேன். நெட் சரியா வரல."

"சௌம்யாவா? என்னம்மா விளையாட்டு? எந்தக் கஸ்டமர்?"

"உங்க சம்பந்தி, மாமா. கனெக்‌ஷன் வாங்கியிருக்காரு. பேத்தி படம் உங்களுக்கு நல்லாத் தெரியணும்னு."

"சேகரா? என்கிட்டயா?" என்றார்.

"ஆமா. இப்போ கம்ப்ளெய்ன்ட். எழுதிக்கறீங்களா, இல்ல எங்க கஸ்டமரான்னு கேக்கப் போறீங்களா?"

"அய்யாக்கண்ணு எங்க? போன் ஆஃப்ல இருக்கே" என்று அவர் யாரிடமோ கத்துவது கேட்டது. டூல் பை எங்கே என்று அத்தையிடம் கேட்பதும் கேட்டது.

அப்பா வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார். "அப்பா, உங்க கஸ்டமர் ஒருத்தர் வீட்டுல படம் நின்னு நின்னு வருதாம்" என்றேன்.

"எந்தத் தெரு?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம் நமக்கு ஏதும்மா கஸ்டமரு?"

சொன்னேன். மாவிலைத் தோரணம் ஒரு முனையில் அவிழ்ந்து தொங்கியது. அப்பா அதைக் கவனிக்கவில்லை. ரோட்டையே பார்த்தார். "அந்த மனுஷன் என்கிட்ட வந்து கனெக்‌ஷன் வாங்கிக்கினாரா" என்றார், கேள்வியாக இல்லாமல். "நான் அப்படிக் கேட்டதுக்கு?"

"கம்ப்ளெய்ன்ட் வந்து ரொம்ப நேரமாச்சுப்பா. கோபியக் காணோம்."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். வெளியே வரும்போது தோளில் டூல் பை இருந்தது. அம்மா அவரை வாசலில் நிறுத்தி, பையில் எதையோ வைத்து ஜிப்பை மூடினாள்.

நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். இப்படி ஒரு லைவை நான் தவறவிடத் தயாராக இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து அப்பா இறங்கினார், தோளில் பையோடு. அந்தப் பக்கத்திலிருந்து மாமா இறங்கினார், தோளில் பையோடு. இருவரும் தலை குனிந்து வந்ததால், ரோட்டு நடுவில்தான் ஒருவரையொருவர் பார்த்தார்கள். புதிதாக இழுத்த இரண்டு வயர்களுக்கும் சரியாகக் கீழே நின்றார்கள்.

"எங்க கிளம்பிட்டீங்க சம்பந்தி?" என்றார் மாமா.

"ஒரு கம்ப்ளெய்ன்ட். நம்ம கஸ்டமர் வீடு. நீங்க?"

"எனக்கும் ஒரு கம்ப்ளெய்ன்ட்தான். நம்ம கஸ்டமர்."

இருவரும் நிமிர்ந்து வயரைப் பார்த்தார்கள். தொழில்காரர்கள் அல்லவா, முகத்தைப் பார்ப்பதைவிட அது சுலபம்.

"தொய்வா இழுத்துட்டானுங்க" என்றார் மாமா. "லாரி வந்தா மாட்டும்."

"ரெண்டு எதுக்கு? ஒண்ணு போதுமே" என்றார் அப்பா.

பிறகு அவர் டூல் பையைத் திறந்தார். வயர் முனையைப் பொருத்தும் கிரிம்பிங் கருவியை எடுக்கப் போனவர் கையோடு வெற்றிலை பாக்கும் மஞ்சளும் குங்குமமும் வைத்த சின்னத் தட்டு வெளியே வந்தது. அம்மா வைத்ததுதான் அது. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் விழித்தார். பிறகு இரண்டு கைகளாலும் நீட்டினார். "நாளைக்குப் பேத்திக்குப் பேர் வைக்கிறோம். சம்பந்தி வந்து சொல்லணும். அன்னிக்கு நான் போன்ல பேசினது தப்பு."

"நானும் உங்க நம்பருக்கு அடிக்காம ஆபீஸ் நம்பருக்கு அடிச்சேன்ல" என்றார் மாமா. தட்டை வாங்கிக்கொண்டார். பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்து, இரண்டு சம்பந்திகளையும் சேர்த்துத் தெலுங்கில் திட்டிவிட்டுப் போனது. இருவரும் சேர்ந்து அதைத் திருப்பித் திட்டினார்கள்.

மாமா எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோதுகூட நேராகத் தொட்டிலுக்கு வரவில்லை. கம்ப்ளெய்ன்ட்டுக்கு வந்தவர் என்பதால் முதலில் பீரோவுக்குப் பின்னால் போய்ப் பெட்டியைப் பார்த்தார், மேலே கிடந்த பாவாடையை மடித்து ஓரமாக வைத்தார், விளக்கு எரிகிறதா என்று தட்டிப் பார்த்தார். வேலை முடிந்த பிறகுதான் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு தொட்டிலுக்கு முன்னால் வந்து நின்றார்.

என் மகள் அவரைப் பார்த்தாள். கண் கொட்டாமல், கை காலை அசைக்காமல், வாயை லேசாகத் திறந்தபடி பார்த்தாள். மாமாவும் அசையவில்லை. கொஞ்ச நேரம் ஆயிற்று. அம்மாவுக்குப் பயம் வந்து, கிலுகிலுப்பையை ஆட்டப் போனாள். மாமா கையை உயர்த்தித் தடுத்தார்.

"யாரும் எதையும் தொடாதீங்க" என்றார் மெதுவாக. "இங்கதான் எப்பவும் நிக்கும். வரும்."

வந்தது. மாமாவின் முகத்துக்கு நேராக, பொங்கி, வயிறு குலுங்கச் சிரித்தாள். மாமா தோளில் இருந்த டூல் பையை இறக்கி வைக்கக்கூடத் தோன்றாமல், அதோடேயே தரையில் உட்கார்ந்தார்.